ஒரே முகூர்த்தத்தில் இரண்டு வெற்றிலை

போன மாதம் எங்கள் பழைய கல்யாண மண்டபத்திலிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்தில் மேனேஜராக இருக்கும் தம்பி பேசினார். மண்டபத்துக்கென்று புதிதாக ஆப் ஒன்று செய்கிறார்களாம். சமையல், பந்தல், மேளம், போட்டோ, பூ எதற்கு யாரைப் பிடிக்கலாம் என்று கல்யாண வீட்டார் அதிலேயே பார்த்துக்கொள்ளலாமாம். ஒவ்வொரு ஆளுக்கும் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று நான் போட்டுக் கொடுக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாத ஆளா அக்கா, நீங்கள் போட்டால்தான் சரியாக இருக்கும் என்று கொஞ்சம் ஐஸும் வைத்தார்.

எனக்கும் பெருமைதான். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பெயரே சங்கரபாண்டி அண்ணாச்சி, சமையல் என்று இருந்தது. அவருடைய மகள் கல்யாணம் ஞாபகத்துக்கு வந்து தனியாகச் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். அதன் பிறகு நட்சத்திரம் எங்கே போடுவது? பேனாவை எடுத்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆப்பைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். ஒரு பந்தல்காரரின் வேலையைப் பார்க்க அம்பாசமுத்திரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனவள் நான். அதையே வீட்டில் காலை நீட்டிக்கொண்டு பார்க்க முடிகிறதென்றால் எனக்கு என்ன வருத்தம்? என் மகளுக்குக் கல்யாணம் வரும்போது நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

பாளையங்கோட்டையில் அந்த மண்டபத்தில் போன் எடுக்கும் வேலைக்குத்தான் நான் சேர்ந்தேன். அப்போது கல்யாணங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என்னுடைய கல்யாணம் ஒன்றுதான். அதிலும் தலையைக் குனிந்தே இருந்ததால் பாதியைப் பார்க்கவில்லை. போன் எடுத்தவளிடம் ஆட்கள் கேள்வி கேட்டார்கள். நல்ல மேளம் யாரு, நல்ல சமையல் யாரு என்று கேட்கிறவர்களிடம் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். இப்படியே சில வருஷத்தில் மேனேஜர் ஆனேன். என் உழைப்பு பாதி, எனக்கு முன்னால் இருந்தவர் கோயம்புத்தூருக்குப் போனது பாதி.

கற்றுக் கொடுத்தவர் எங்கள் முதலாளி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, குரல் உயராது. யாரிடமும் அவர் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதற்கு அவரிடம் வேறு வழி இருந்தது. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "மோர் குடிக்கியளா?" என்பார். மோர் வந்தால் காரியம் நடக்காது என்று அர்த்தம். விஷயம் தெரிந்தவர்கள் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். தெரியாதவர்கள் இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடிப்பார்கள்.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. ஒருவனின் வேலையைப் பார்க்க ஆரம்பத்தில் போகாதே, முடிகிற நேரத்தில் போ என்பார். சமையல்காரர் எப்படி என்று தெரிய வேண்டுமானால் முதல் பந்தியில் உட்காரக் கூடாது. முதல் பந்தியில் எல்லாரும் ராஜாதான். கடைசிப் பந்தியில் பாயசம் குறையும்போது வெந்நீர் ஊற்றுகிறாரா, தீர்ந்துவிட்டது என்று கையெடுத்துச் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். பந்தல்காரர் பந்தலைப் பிரிக்கும்போது தெருவில் தோண்டிய குழிகளை மூடுகிறாரா? நாயனக்காரர், எல்லாரும் சாப்பிடப் போய் நாற்காலியெல்லாம் காலியாகக் கிடக்கும்போது எப்படி வாசிக்கிறார்? பூக்காரரின் மாலையை மறுநாள் பார்க்க வேண்டும். வாழைநாரில் கட்டியிருந்தால் வாடினாலும் மாலையாகவே கிடக்கும், அவசரத்துக்கு நூலில் கட்டியதென்றால் கழுத்தில் கிடக்கும்போதே உதிர்ந்துவிடும்.

போட்டோக்காரருக்கு நானே ஒரு சோதனை கண்டுபிடித்தேன். அவர் காட்டுகிற ஆல்பத்தைப் பார்க்க மாட்டேன். அவர் படம் எடுத்த ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய் அங்கிருக்கும் ஆல்பத்தை வாங்கி, பெண்ணின் அம்மா எங்கே இருக்கிறார் என்று தேடுவேன். பெண்ணின் அம்மா கல்யாணத்தன்று ஒரு இடத்தில் நிற்க மாட்டார். அவரைத் துரத்திப் பிடித்து நல்லதாக நாலு படம் எடுத்தவர் தேறிவிட்டார். ஆல்பம் முழுக்க அவருடைய பாதிச் சேலை மட்டும் ஓரத்தில் தெரிந்தால் மரியாதையாக ஆல்பத்தை மூடிக் கொடுத்துவிட்டு வருவேன். சாத்தான்குளத்து மாப்பிள்ளை ஒருவர் என் பேச்சைக் கேட்காமல் வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அலங்காரத்தோடு ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போய் விதவிதமாக நிற்க வைத்துக்கொண்டிருக்க, இங்கே மணவறையில் ஐயர் மட்டும் உட்கார்ந்திருந்தார். நேரம் நெருங்க நெருங்க அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை யாராவது படம் எடுத்திருக்கலாம்.

இனி சங்கரபாண்டி அண்ணாச்சிக்கு வருகிறேன். எங்கள் பக்கம் கல்யாணச் சமையல்காரரைத் தவசிப்பிள்ளை என்போம். அவர் பெயர் பெற்ற தவசிப்பிள்ளை. நெடுநெடுவென்று உயரம், அதிகப் பேச்சு கிடையாது. எதையும் வாயில் விட்டுப் பார்க்க மாட்டார், அண்டாவின் ஆவியை முகர்ந்தே சொல்வார். சமையல் பேச வந்தவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, வருகிறவர்களில் கோபித்துக்கொண்டு போகிற ஆள் யார் என்பதுதான். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு மாமாவோ சித்தப்பாவோ உண்டு. அந்த மனிதருக்குப் பிடித்தது எது என்று கேட்டு அதை இலையில் சேர்த்துவிடுவார். நான் பார்த்தவரை அவர் சமைத்த கல்யாணத்தில் எந்தச் சித்தப்பாவும் பாதியில் எழுந்து போனதில்லை.

அவருடைய பெயரே சொதியால்தான். கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதி இல்லாவிட்டால் எங்கள் ஊரில் அது சாப்பாட்டிலேயே சேராது. தேங்காயை மூன்று முறை பிழிந்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவிட்டு, பாசிப்பருப்பும் இஞ்சியும் பச்சை மிளகாயும் சேர்த்து, இரண்டாம் பாலை ஊற்றி, கடைசியில் முதல் பாலை ஊற்றி நுரை கட்டும்போது இறக்க வேண்டும். இறக்கிச் சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிவார்கள். அவசரப்பட்டு அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் பால் திரிந்துவிடும். திரிந்தால் அவ்வளவுதான், மீட்க வழியில்லை.

சமையலுக்கு ஆள் பேசுவது எங்களிடம் வெற்றிலை பாக்கில்தான். அட்வான்ஸெல்லாம் அப்புறம் போனிலேயே போய்விடும். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்துப் பெண்ணின் அம்மா கொடுக்க, தவசிப்பிள்ளை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். வாங்கிய வெற்றிலையை அவர் திருப்பிக் கொடுக்கக் கூடாது. வேண்டாம் என்றால் கொடுத்த வீட்டார்தான் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். திருப்பிக் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். இப்போது ஹோட்டல் வைத்து நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் எந்தக் கல்யாண வீட்டிலும் அவரைக் கூப்பிடுவதில்லை.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஆறுமுகம் என்பவரும் அவர் மனைவி செல்லம்மாளும் ஒரு நாள் வந்தார்கள். அவர் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பேசாமல் உட்கார்ந்திருக்க, பேச்செல்லாம் செல்லம்மாள்தான். இரண்டாவது மகள் கல்யாணத்துக்கு மண்டபம் இரண்டு நாளைக்கு வேண்டும், மறுநாள் சொதிக்கும் இங்கேதான், சங்கரபாண்டி அண்ணாச்சி கையால்தான். மற்ற ஆள் யாரைச் சொன்னாலும் சம்மதம், இதில் மட்டும் பேச்சுக்கு இடமில்லை என்றார். மூத்த மகள் கல்யாணத்தில் சொதி திரிந்துவிட்டதாம். அந்தச் சம்பந்தி வீட்டார் இன்றைக்கும் எந்த விசேஷத்துக்கு வந்தாலும் இலையில் உட்கார்ந்துகொண்டு, இது சொதியா மோர்க்குழம்பா என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார்களாம். அதைச் சொல்லும்போது செல்லம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே அண்ணாச்சியை வரவழைத்தேன். என் அறையில், என் கண் முன்னால் அவர் வெற்றிலை வாங்கினார்.

சில மாதம் கழித்து அண்ணாச்சியின் மகள் காந்திமதிக்குக் கல்யாணம் முடிவானது. பையனுக்கு மஸ்கட்டில் வேலை. லீவு கொஞ்சம்தான், அந்த லீவுக்குள் நல்ல முகூர்த்தமாக ஒரே நாள்தான் இருந்தது. அது செல்லம்மாள் வீட்டு முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாளைச் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் அண்ணாச்சிக்கு உறைத்திருக்கிறது.

அவர் என்னிடம் வந்து, மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். "தங்கச்சி, எம்மவ கல்யாணத்துக்கு நல்ல ஆளாப் பாத்துச் சமையலுக்குச் சொல்லிரு. நான் அன்னைக்கு விக்கிரமசிங்கபுரத்து வீட்டுக்கு வெத்தல வாங்கியிருக்கேன்லா."

தாரை வார்ப்பது யார் என்று கேட்டேன். தம்பி இருக்கிறான் என்றார். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே என்றேன்.

"வாங்குன வெத்தலைய நீட்டிக்கிட்டுப் போயி நிக்கச் சொல்லுதியா? நான் போ மாட்டேன். நீயும் போயிக் கேக்கப்படாது."

அவர் போன பிறகு எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்படி ஒரு மனிதர் இருப்பாரா என்று நினைத்தேன். அவர் இப்படி இருப்பதால்தானே வருகிறவர்களுக்கெல்லாம் யோசிக்காமல் அவர் பெயரைச் சொல்கிறேன் என்றும் தோன்றியது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை.

மறுநாள் காந்திமதி வந்தாள். பாளையங்கோட்டையில் ஒரு லேபில் வேலை பார்க்கிற பிள்ளை. அவள் அப்பா என்னைத் தங்கச்சி என்பதால் அவளுக்கு நான் அத்தை. வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தாள். அழவில்லை, உட்காரக்கூட இல்லை.

"அத்தை, ஊருல உள்ள பிள்ளைய கல்யாணத்துக்கெல்லாம் எங்கப்பா போயிருக்காவ. எங்கல்யாணத்துக்கு மட்டும் வர மாட்டாவளாம்" என்றாள்.

சின்ன வயதில் அவள் முழித்திருக்கும்போது அப்பாவைப் பார்த்ததே அபூர்வம் என்பது எனக்குத் தெரியும். முகூர்த்த மாதங்களில் அவர் வீட்டுக்கு வருவது துணி மாற்றத்தான். பள்ளிக்கூடத்து விழாவிலிருந்து எல்லாவற்றுக்கும் அவள் அம்மாதான் போனார். இந்த ஒரு நாளைத்தான் அந்தப் பிள்ளை கேட்கிறது. மணவறையில் அப்பா உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

முதலாளியிடம் போனேன். விக்கிரமசிங்கபுரம் போய்ச் செல்லம்மாளிடம் பேசிப் பார்க்கிறேன் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மோர் குடிக்கியளா என்றார். நமக்குப் பணம் கட்டி மண்டபம் பிடித்தவர்களிடம் போய், நாமே பேசிக் கொடுத்த ஆளை விட்டுக்கொடுங்கள் என்று நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. நியாயம்தான். மோர் வந்தது. முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரை வைத்து, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, பஸ்ஸில் போகாதே, வேனை எடுத்துக்கொண்டு போ என்றார்.

அண்ணாச்சி கேட்கக் கூடாது என்றுதான் சொன்னார், சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை. வேனில் போகும்போது இப்படி எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன்.

செல்லம்மாள் காப்பி கொடுத்து உபசரித்தார். நான் சுற்றி வளைத்தேன். அண்ணாச்சிக்கு அன்றைக்கு வர முடியாத நிலைமை, அவரைப் போலவே கைப்பக்குவம் உள்ள வேறு ஆள் தருகிறேன், நான் பொறுப்பு என்றேன். அவ்வளவுதான், அவர் முகம் மாறிவிட்டது.

"பெரிய இடமா எதும் வந்துட்டோ? மில்லுக்காரன் வீடுன்னா எளப்பமாத் தெரியுதோ?"

அதன் பிறகு எனக்குப் பேச இடமே கிடைக்கவில்லை. மூத்த மகள் வீட்டில் இன்னும் நடப்பதையெல்லாம் சொன்னார். பேரனுக்குக் காது குத்தியபோது அத்தனை பேர் நடுவில் சம்பந்தியம்மாள் இதே பேச்சை எடுத்தாராம். சொதி என்ற சொல்லைக் கேட்டாலே மூத்தவள் எழுந்து உள்ளே போய்விடுகிறாளாம். இந்தத் தடவை அந்தச் சம்பந்தி வீட்டாரை முதல் வரிசையில் உட்கார வைத்து, சங்கரபாண்டி சொதியை ஊற்றி, இப்போது சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு முன்னாலேயே வந்து சொன்னாராம். ஆறுமுகம் மெதுவாக, "பைய பேசு" என்றார். செல்லம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் அவர் வாசல் பக்கம் போய்விட்டார்.

செல்லம்மாள் சொன்ன ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. காப்பியைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கு அண்ணாச்சியின் மகளுக்கே கல்யாணம் என்று உண்மையைச் சொன்னேன். அவர் தன் மகள் கல்யாணத்துக்குப் போகாமல் உங்கள் வீட்டுக்குத்தான் வருவதாக இருக்கிறார், என்னை இங்கே அனுப்பவும் இல்லை, தெரிந்தால் என்னோடு பேசவும் மாட்டார் என்றேன். காந்திமதி வந்து நின்று சொன்னதையும் அப்படியே சொன்னேன்.

செல்லம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத மொதல்லயே சொல்லாம என்னத்த மேனேஜர் வேல பாக்குதிய?" என்று என்னை ஒரு பிடி பிடித்தார். வாங்கிக்கொண்டேன்.

பிறகு அவரே யோசித்தார். "முகூர்த்தச் சாப்பாட்ட ஆரும் வைக்கட்டும். சாம்பாருல என்ன கெடக்கு? மறுநா சொதிதான எனக்கு வேணும். அவருக்கும் மறுநா சம்பந்தி வீட்டுக்குச் சொதி போடணும்லா? ரெண்டு வீட்டு ஆளுகளையும் ஒங்க மண்டபத்துக்கே வரச் சொல்லுங்க. ஒரே அண்டாவுல வைக்கட்டும்."

இத்தனை வருஷம் கல்யாண வேலை பார்த்த எனக்கு இது தோன்றவில்லை. வாசலில் நின்ற ஆறுமுகம், அவள் அப்படித்தான் என்பதைப் போல என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அதோடு விடவில்லை. அந்த வாரமே செல்லம்மாள் புது வெற்றிலையோடு அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். நானும் கூட இருந்தேன். அண்ணாச்சிக்கு விஷயம் புரிந்ததும் என்னை ஒரு முறை முறைத்தார். செல்லம்மாள் அதையெல்லாம் கவனிக்கவில்லை, தாம்பாளத்தை நீட்டினார்.

"அன்னைக்குக் குடுத்த வெத்தலைய நான் எடுத்துக்கிட்டேன் அண்ணாச்சி. குடுத்தவ எடுத்தா ஒங்களுக்குக் கொறவு கெடையாது. இது மறுநா சொதிக்கு. வாங்கிக்கிடுங்க."

வீடு தேடி வந்த வெற்றிலையை வாங்க மாட்டேன் என்று ஒரு தவசிப்பிள்ளை சொல்ல முடியாது. அவர் முறையை வைத்தே அவரை மடக்கிவிட்டார் அந்த அம்மாள். அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கிவிட்டு அப்படியே நின்றார். கதவுக்குப் பின்னால் காந்திமதியும் அவள் அம்மாவும் நின்றது எனக்குத் தெரிந்தது.

செல்லம்மாள் வீட்டு முகூர்த்தச் சாப்பாட்டுக்கு அண்ணாச்சியின் ஆட்களே போவது என்று முடிவானது. காந்திமதி கல்யாணத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. யாரிடம் போனாலும் தேதி ஒழிவாகத்தான் இருந்தது, யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டதும் ஒழிவு போய்விட்டது. சங்கரபாண்டி உட்கார்ந்து சாப்பிடுகிற பந்திக்கு நான் சமைக்கவா, வேறு ஆளைப் பாருங்கள் என்றார்கள். ஒருவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். கடைசியில் களக்காட்டில் பெண்களாகச் சேர்ந்து சமைக்கும் குழுவுக்குத் தலைவியான பேச்சியம்மாளிடம் போனேன். யாருக்குச் சமைக்கப் போகிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்காமல், "அவரு ஆரா இருந்தா என்ன, பசிச்சா சாப்பிடுவாருல்லா?" என்றார். அவருக்குத் தாம்பாளத்தை நான் அப்போதே நீட்டியிருப்பேன், பெண்ணின் அம்மா கொடுப்பதுதான் முறை என்பதால் மறுநாள் வரை பொறுத்தேன்.

காந்திமதி கல்யாணம் எங்கள் மண்டபத்துக்கு அடுத்த தெருவில் சின்ன மண்டபம் ஒன்றில். அதே நேரத்தில் எங்களிடம் செல்லம்மாள் வீட்டுக் கல்யாணம். நான் இங்கிருந்து நகர முடியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். காலையில் முதலாளி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ போ. நான் இங்கன நிக்கேன்" என்றார். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

போனேன். அண்ணாச்சி பட்டு வேட்டியும் மாலையுமாக மனையில் உட்கார்ந்திருந்தார். அவரை அடையாளமே தெரியவில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலிலும் மடியிலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். சமையல்கட்டிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தது. அவருடைய மூக்கு அந்தப் பக்கம் திரும்பியது. பெருங்காயம் பிந்திப் போயிற்றோ என்னவோ, மனையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். காந்திமதி தலையை நிமிர்த்தாமலே கையை நீட்டி அவர் வேட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்தார். தாரை வார்த்து முடிகிறவரை அவள் அதை விடவில்லை.

சாப்பாட்டில் அவரை முதல் பந்தியில் சம்பந்திக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பேச்சியம்மாள் தானே சாம்பார் வாளியோடு வந்து அவர் இலைக்கு ஊற்றிவிட்டு, பதில் எதுவும் எதிர்பார்க்காமல் அடுத்த இலைக்குப் போய்விட்டார். அண்ணாச்சி இரண்டு தடவை சோறு வாங்கினார். அதுதான் பதில்.

மறுநாள் சொதி. காலையிலேயே எங்கள் சமையல்கட்டுக்குள் அண்ணாச்சி பழைய வேட்டியில் வந்துவிட்டார். தேங்காய்ப் பால் பிழிகிற சத்தம் வாசல்வரை கேட்டது. இரண்டு சம்பந்தி வீட்டாரும் வந்தார்கள். முதல் வரிசையில் செல்லம்மாளின் மூத்த சம்பந்தியம்மாள், வழக்கம்போல இலையை நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். செல்லம்மாள் அவருக்கு எதிரில் நின்றுகொண்டார். சொதி வந்தது. வெண்ணெய் நிறத்தில், ஒரு துளி திரியாமல் இலையில் விழுந்தது. சம்பந்தியம்மாள் பிசைந்து வாயில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. இஞ்சிப் பச்சடியைத் தொட்டுக்கொண்டார், இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார். செல்லம்மாள் என்னைப் பார்த்தார். அவருக்கு அது போதும்.

அடுத்த பந்தியில் நானும் செல்லம்மாளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எங்களுக்கு எதிர் வரிசையில் காந்திமதியும் மாப்பிள்ளையும். சாப்பாடு முடிந்ததும் அவள் மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட வேண்டும், அங்கிருந்து மஸ்கட். ஒரு வாய் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உப்பு கூடுதல். அதிகமில்லை, ஆனால் கூடுதல்தான். இத்தனை வருஷத்தில் அவர் சமையலில் நான் அப்படிப் பார்த்ததில்லை.

காந்திமதியும் நிமிர்ந்தாள். அண்ணாச்சி வாளியோடு அவள் இலைக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, உப்பு கூடிட்டு" என்றாள் மெதுவாக.

"தெரியும்ட்டி. ஒம் பந்திக்கு எடுத்ததுல உப்பு போட்டனா போடலயான்னு நெனப்பே இல்ல. ரெண்டு வாட்டி போட்டுட்டேன் போல" என்றார். வாயில் விட்டுப் பார்க்காத மனிதருக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. பால் பிழிந்து ஊற்றிச் சரிசெய்ய ஒரு மூடி தேங்காய்கூட மிச்சமில்லை, அது எனக்கே தெரியும். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். மகள் இலையைவிட்டு அவர் கண் நகரவில்லை. அவள் சிரித்தாள், சோற்றைப் பிசைந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். அவர் வாளியை மறுபடியும் எடுத்து ஊற்றினார்.

எனக்குப் பக்கத்தில் இருந்த செல்லம்மாளை நினைத்துத்தான் பயமாக இருந்தது. இந்தச் சொதிக்காக எவ்வளவு காத்திருந்த மனுஷி. மெதுவாக அவர் பக்கம் திரும்பினேன். அவர் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், இலையில் பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. நான் பார்ப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பிள்ளைய அனுப்புத வீட்டுச் சொதி மேனேஜரம்மா" என்றார். "உப்பு கூடத்தான் செய்யும். பேசாமச் சாப்பிடுங்க."